6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் கணக்கு



கடந்த மார்கழியில் என் மனைவிக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மார்பகக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இடுப்பு வலி விடாமல் இருந்ததால், எலும்பில் ஏதாவது பரவியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். முதல் தேதியில் போனபோது, "மருந்து வரவில்லை, நாளை மறுநாள் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்குக் கோபம். ஒரு ஊசி மருந்தை ஸ்டாக் வைத்துக்கொள்ள முடியாதா என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை ஊசி போட்டு, ஸ்கேன் முடித்து, மாலையில் வீடு திரும்பினோம். செய்தி அதற்குள் எப்படியோ பரவியிருந்தது. லிஃப்ட்டில் ஏற வந்த ஒரு தம்பி, கையில் பிள்ளையுடன் ஓரடி பின்வாங்கி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க அடுத்த லிஃப்ட்ல வர்றோம்" என்றார். வேலைக்கு வரும் அம்மா மூன்று நாள் வரவில்லை. யாரோ "கரண்ட் மாதிரி கதிர் வீசும்" என்று சொல்லியிருந்தார்களாம்.

அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏனென்றால் அன்று இரவு நானும் ஹாலில்தான் படுத்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை எடுத்துவந்து சோபாவில் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தப் போர்வைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நான் பி.காம். படித்தவன்; முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்கு எழுதியவன். விஞ்ஞானம் தெரியாது. ஆனால் அந்த ஊசியின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இதுவும் ஒரு கணக்குப் புத்தகம்தான் என்று புரிந்தது.

தபாலில் வந்த தகடு

ஊசியில் இருந்த பொருளின் பெயர் டெக்னீசியம்-99எம். தனிம அட்டவணையில் 43ஆம் எண். இரும்பு, செம்பு மாதிரி தோண்டி எடுக்கக்கூடிய பொருள் அல்ல. பூமியில் அநேகமாகக் கிடைக்காது. 43ஆம் கட்டம் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது.

1936இல் இத்தாலியைச் சேர்ந்த எமிலியோ செக்ரே, அமெரிக்காவில் பெர்க்லி நகரில் லாரன்ஸ் என்பவர் அமைத்திருந்த சைக்ளோட்ரான் இயந்திரத்தைப் பார்க்கப் போனார். அந்த இயந்திரத்தில் மாலிப்டினம் என்ற உலோகத் தகடு ஒன்று நாள் கணக்கில் அணுத்துகள்களின் அடி வாங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப்போட்ட அந்தத் தகட்டை 1937 தொடக்கத்தில் லாரன்ஸ் தபாலில் இத்தாலிக்கு அனுப்பிவைத்தார். செக்ரேயும் கார்லோ பெரியே என்பவரும் பலேர்மோ பல்கலைக்கழகத்தில் அதைக் கரைத்துப் பிரித்துப் பார்த்தபோது அகப்பட்டதுதான் 43ஆம் தனிமம். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் என்பதால், "செயற்கை" என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1947இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதன் பல வகைகளில் நமக்கு வேண்டிய 99எம் என்பதை 1938இல் செக்ரேயும் கிளென் சீபோர்கும் கண்டார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது காலை 6 மணிக்கு 100 ரூபாய் இருந்தால் நண்பகல் 12க்கு 50, மாலை 6க்கு 25, நள்ளிரவில் பன்னிரண்டரை ரூபாய். நாம் வங்கியில் பார்த்த கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. யார் தடுத்தாலும் நிற்காது, யார் கெஞ்சினாலும் கூடாது.

சஸ்பென்ஸ் கணக்கில் கிடைத்தது

கண்டுபிடித்து இருபது வருஷம் இதற்கு மருத்துவத்தில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் சரக்கை யார் வாங்கி, எப்படி ஊர் ஊராக அனுப்புவது?

வழி பிறந்தது அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், 1950களின் கடைசியில். அங்கே வால்டர் டக்கர், மார்கரெட் கிரீன் இருவரும் அயோடின்-132 தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சேரக்கூடாத ஏதோ ஒன்று கலந்து வந்தது. வங்கியில் டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தேடுவோமே, அப்படித் தேடினார்கள். அது டெக்னீசியம். அதைப் பெற்றது மாலிப்டினம்-99 என்ற தாய்ப்பொருள். தாயின் அரை ஆயுள் 66 மணி நேரம்.

இங்கேதான் சூட்சுமம். 66 மணி நேரம் தாங்கும் தாயை அனுப்பிவைத்தால், மருத்துவமனையிலேயே தினமும் பிள்ளையைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஈய உறைக்குள் ஒரு சிறு குழாய், அதில் அலுமினாத் தூள். மாலிப்டினம் அந்தத் தூளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து கீழே இறங்கும். மறுநாள் காலைக்குள் புதிதாக ஊறியிருக்கும், மறுபடி இறக்கலாம். இந்தச் சாதனத்துக்கு ஜெனரேட்டர் என்று பெயர். அந்தத் துறையில் செல்லமாகக் கறவை மாடு என்பார்கள். திங்கட்கிழமை முழு பலத்தோடு இருப்பது வெள்ளிக்கிழமை காலை ஏறக்குறைய 36 சதவீதத்துக்கு வந்துவிடும். அடுத்த வாரம் புது மாடு வர வேண்டும்.

"ஸ்டாக் வைக்க முடியாதா" என்று நான் கத்தியது எவ்வளவு அறியாமை என்று இப்போது தெரிகிறது. விமானமோ பார்சலோ ஒரு நாள் தாமதமானால், பூட்டிய பெட்டிக்குள்ளேயே சரக்கில் கால் பங்கு போய்விடும்.

இதற்குக் காப்புரிமை வாங்கலாமா என்று புரூக்ஹேவனில் யோசித்தபோது, இந்தப் பொருளுக்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்களாம். பவல் ரிச்சர்ட்ஸ் என்பவர்தான் 1960 முதல் இது மருத்துவத்துக்கு ஏற்றது என்று ஊர் ஊராகச் சொன்னார். சிகாகோவில் பால் ஹார்ப்பர், கேதரின் லேத்ரோப் குழுவினர் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வழிகாட்டினார்கள். இன்று உலகில் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஐந்தில் நான்கு பங்கு, ஆண்டுக்கு 3 கோடி அளவில், இந்த ஒரு பொருளை வைத்தே நடக்கின்றன. சந்தை இல்லை என்று சொன்ன சரக்கு!

பம்பாயில் ரசமும் நெய்யும்

நம் நாட்டில் டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1960இல் கனடா உதவியுடன் சைரஸ் உலை வந்தது. டெல்லியில் 1961இல் இன்மாஸ் என்ற அணு மருத்துவ நிறுவனமும், பம்பாய் பரேலில் டாடா நினைவு மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தில் 1963இல் கதிர்வீச்சு மருத்துவ மையமும் தொடங்கின. இந்தத் துறைக்கான டாக்டர்களை உருவாக்கும் பட்டயப் படிப்பு 1973இல் பம்பாயில் ஆரம்பமானது.

வெளிநாடுகளில் யுரேனியத்தைப் பிளந்து மாலிப்டினம்-99 எடுப்பார்கள். அது செறிவானது, சிறு குழாயில் அடங்கிவிடும். நம்மவர்கள் சாதாரண மாலிப்டினத்தையே அணு உலையில் வைத்து எடுத்தார்கள். அதில் கதிரியக்கம் இல்லாத மாலிப்டினமே மிகுதி என்பதால் சிறிய அலுமினாக் குழாய் அதைத் தாங்காது. அதற்காக நிறுத்திவிடவில்லை. வேறு வழி பிடித்தார்கள். மாலிப்டினக் கரைசலோடு மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற திரவத்தைக் கலக்கிவிட்டு நிற்க வைத்தால், ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி அது மேலே வந்து நிற்கும். டெக்னீசியம் கீழே தங்காமல் அந்த நெய்யோடு ஏறிவிடும். மேல் அடுக்கை மட்டும் எடுத்து, சூட்டில் ஆவியாக்கி, மிஞ்சியதை உப்புநீரில் கரைத்தால் மருந்து தயார். பல வருஷம் இந்திய மருத்துவமனைகளில் விடிகாலையில் தொழில்நுட்பர் ஒருவர் முதலில் செய்த வேலை இதுதான். குழாய் ஜெனரேட்டர்கள் பிறகு பரவலாயின. சரக்கு அனுப்பும் பொறுப்பை 1989இல் அமைந்த பிரிட் என்ற ஐசோடோப்பு வாரியம் ஏற்றது.

நம் புதுச்சேரிக்கும் இதில் இடம் உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது நமக்குத் தெரிந்ததே. கோரிமேட்டு வளாகத்தில் இன்று அணு மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இயங்குகிறது.

அணா பைசாவும் பெக்கரலும்

அளப்பதற்கு அலகு வேண்டும். அந்த அலகுகளும் பிரான்ஸ் தந்தவைதான். 1896இல் பாரிசில் ஆன்ரி பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். அப்போது நம் ஊரிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அடுத்து வந்தவர்கள் கியூரி தம்பதி. 1910இல் கியூரி என்ற அலகு வந்தது. ஏறத்தாழ ஒரு கிராம் ரேடியம் வெளியிடும் கதிரியக்கம் ஒரு கியூரி. 1975இல் சர்வதேச அலகாகப் பெக்கரல் ஏற்கப்பட்டது. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்.

1957இல் அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறியபோது கடைகளில் இரண்டு கணக்கும் ஓடியதாக என் தந்தை சொல்வார். மருத்துவமனைகளில் இன்னும் அப்படித்தான். ஒரு மில்லி கியூரி என்றால் 3.7 கோடி பெக்கரல். என் மனைவிக்குச் செலுத்தியது 20 மில்லி கியூரி, அதாவது 74 கோடி பெக்கரல். 74 கோடி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. தம்பிடியில் சொன்னால் சின்னத் தொகையும் பெரிதாகத்தான் கேட்கும்.

காலை 7 மணிக் கணக்கு

ஊசி போட்ட அறையில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம் தொழில்நுட்பர் இருந்தார். எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அவர் காட்டிய முக்கியமான கருவி டோஸ் கேலிப்ரேட்டர். கிணறு மாதிரி குழி உள்ள ஒரு பெட்டி. உள்ளே அழுத்தி அடைத்த வாயு. ஊசிக்குழலைக் குழிக்குள் இறக்கினால், கதிர் பட்டு வாயுவில் மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். அதை அளந்து, எத்தனை மில்லி கியூரி என்று திரையில் காட்டும். எந்த ஐசோடோப்பு என்று முதலில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான பொத்தானை அழுத்தினால் தப்பான தொகைதான் வரும்.

பெட்டி சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் சோதிக்கிறார்கள். அதற்கென்று ஒரு சீசியம்-137 மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் அரை ஆயுள் 30 வருஷம், அதனால் இன்றும் நாளையும் அநேகமாக ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மளிகைக்கடையில் முத்திரை எடைக்கல் மாதிரி. நாட்டின் கதிரியக்க அளவைக்கு அடிப்படைத் தரம் வைத்திருப்பது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம்.

ஒவ்வொரு அளவோடும் நேரத்தை எழுதுகிறார்கள். நேரம் இல்லாத எண்ணுக்கு இங்கே மதிப்பே இல்லை. மதியம் 1 மணிக்கு வரும் நோயாளிக்கு 20 வேண்டுமென்றால், காலை 7 மணிக்கு அவர் பேரில் 40 எடுத்து வைக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு காலி ஊசிக்குழலையும் திரும்ப அளந்து, ஒட்டியிருந்த மிச்சத்தைக் கழித்து, உடம்புக்குள் போனது எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதினார். கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன நம்பிக்கை வேண்டும்?

கள்ளநோட்டுச் சோதனையும் உண்டு. டெக்னீசியத்தோடு தாய் மாலிப்டினம் கொஞ்சம் இறங்கிவிட்டால், நோயாளிக்குப் படம் தெளிவாகக் கிடைக்காமல் வீண் கதிர்வீச்சு மட்டும் மிஞ்சும். ஆகவே இறக்கிய மருந்தை சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயக் குவளைக்குள் வைத்து மறுபடி அளக்கிறார்கள். டெக்னீசியத்தின் கதிர் பலம் குறைந்தது, 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஈயத்தைத் தாண்டாது. மாலிப்டினத்தின் கதிர் 740, அது தாண்டிவிடும். அப்படித் தாண்டி வருவதை வைத்துக் கலப்படம் தெரிந்துவிடும். ஒரு மில்லி கியூரி டெக்னீசியத்தில் 0.15 மைக்ரோ கியூரிக்கு மேல் மாலிப்டினம் இருக்கக்கூடாது. அதாவது சுமார் 6,700 பங்கில் ஒரு பங்கு. பிள்ளை 6 மணி நேரத்தில் பாதியாகும்போது தாய் மெதுவாகத்தான் குறையும். அதனால் நேரம் ஆக ஆக விகிதம் மோசமாகும். காலையில் தேறிய மருந்து மாலையில் தேறாமல் போகலாம். அதையும் கணக்கில் வைத்துத்தான் காலாவதி நேரம் குறிக்கிறார்கள்.

ஊழியர்களின் கணக்கு தனி. ஒவ்வொருவர் சட்டையிலும் டி.எல்.டி. பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நம் இதழ் வருகிற மாதிரி, அதைச் சோதனைக்கு அனுப்பி அவர் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிடுகிறார்கள். 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. பயன்படுத்திய பஞ்சும் ஊசியும் ஈயத் தொட்டியில் 60 மணி நேரமாவது கிடக்க வேண்டும். பத்து அரை ஆயுள் கழிந்தால் 1,024இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதன் பிறகும் அளந்து பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள்.

கணக்கு விட்டுப்போன இடம்

கதிரியக்கத்தைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளில் வேலை செய்தவர்களுக்குத் தோல் கருத்து, முடி கொட்டியது. ஏழு பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். காரணம் கோபால்ட்-60. ஒரு பல்கலைக்கழகம் 1968இல் வாங்கி, 1985க்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த கருவியை ஏலத்தில் விற்றிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பதிவேட்டைப் பார்க்கவில்லை. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5 வருஷத்துக்கு மேல். செயல்படாத கணக்கு என்று மறந்துபோனதற்குள் அவ்வளவு பாக்கி இருந்தது. தைராய்டு புற்றுநோய்க்கு அதிக அளவில் அயோடின்-131 கொடுத்தவர்களைச் சில நாள் தனி அறையில் வைப்பதும் உண்மை. அதன் அரை ஆயுள் 8 நாள். நம் குடியிருப்பில் பரவிய பேச்சு அந்தச் சிகிச்சையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆக, "கதிரியக்கம்" என்று ஒரே சொல்லில் பயப்படுவதில் பொருள் இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது அளந்தது என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

அன்று இரவுக் கணக்கு

என் மனைவிக்கு ஊசி போட்டது காலை 10 மணிக்கு, 20 மில்லி கியூரி. நான் ஹாலில் படுத்தது இரவு 10 மணிக்கு. 12 மணி நேரத்தில் 20 என்பது 5 ஆகியிருக்கும். எலும்பு ஸ்கேன் மருந்தில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் போய்விடும் என்பதால் உடம்பில் இருந்தது இரண்டரை அளவுதான். மறுநாள் காலை 10 மணிக்கு அதுவும் ஒன்றுக்குக் கீழே. அவர் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சே சுமார் 4 மில்லி சீவர்ட். மண்ணிலும் காற்றிலும் வானத்திலும் இருந்து உலகத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக ஆண்டுக்கு வாங்குவது 2.4. பக்கத்தில் நிற்பவருக்குப் போவது அதில் மிகச் சொற்பம்.

டெக்னீசியம்-99எம் சிதைந்த பிறகு சாதாரண டெக்னீசியம்-99 ஆக மிஞ்சுகிறது. அதன் அரை ஆயுள் 2 லட்சம் வருஷத்துக்கு மேல் என்று படித்தபோது பயந்தேன். கணக்குப் போட்டால், அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அந்த 74 கோடி பெக்கரலும் கடைசியில் இரண்டு மூன்று பெக்கரலாகச் சுருங்குகிறது. நாம் சாப்பிடும் உணவிலுள்ள பொட்டாசியத்தால் நம் ஒவ்வொருவர் உடம்பிலும் எப்போதும் சுமார் 4,000 பெக்கரல் இருக்கிறது.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு மருத்துவமனையில் சொல்வது இவ்வளவுதான்: தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், கைகளை நன்றாகக் கழுவுங்கள், அன்று ஒருநாள் மட்டும் கைக்குழந்தையை நீண்ட நேரம் மடியில் வைக்க வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கத்தில் நெடுநேரம் இருக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட்டில் சேர்ந்து போகலாம். வேலைக்கு வருபவர் வரலாம். பக்கத்து வீட்டார் வந்து நலம் விசாரிக்கலாம். அந்த நாளில் அதுதான் அதிகம் தேவைப்படும்.

ஸ்கேன் முடிவு மூன்றாம் நாள் வந்தது. பரவல் ஏதும் இல்லை, வயசான தேய்மானம்தான் என்றார் டாக்டர். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இதை அன்னைக்கு ராத்திரியே போட்டிருக்கலாமே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்து நம் குடியிருப்பில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டு வந்தால், அந்த வீட்டில் யாரும் ஹாலில் படுக்க வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.